பீட்டா குஞ்சுகளுக்குத் தீனி முதலில், ஜோடி அப்புறம்

பீட்டா மீன் முட்டையிடுவது பெரிய விஷயமில்லை. குஞ்சுகளைத் தேற்றுவதுதான் பாடு. ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே, பழைய தொட்டித் தண்ணீரில் காய்ந்த இலைகளை ஊறப்போட்டு இன்ஃபுசோரியா (குஞ்சுகள் தின்னும் நுண்ணுயிர்கள்) வளர்த்துவிடுங்கள்.

தொட்டியில் 10-15 செ.மீ. தண்ணீர், 27 டிகிரி சூடு, அலையில்லாத பரப்பு போதும். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண் குதறிவிடும். நழுவும் முட்டைகளை ஆணே வாயால் கவ்வி, தான் நீர்ப்பரப்பில் கட்டிய நுரைக்கூட்டில் ஒட்டும், பார்க்க அலுக்காது.

ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, குஞ்சுகள் வால் கீழே தொங்க நுரையில் ஒட்டியிருக்கும். அப்போது தீனி வேண்டாம், அவற்றின் உடலில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே போதும். கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் ஆணை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு இன்ஃபுசோரியா கொடுங்கள். சில நாள் கழித்து, அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா (மிகச் சிறிய உப்புநீர் இறால்). வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது, சரி.

காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும் முதல் சில வாரங்களுக்கு மூடி நன்றாக மூடியிருக்கட்டும். மேலே குளிர்ந்த காற்று படக்கூடாது.