கத்திரி முடிந்ததும் கொல்லையை மறந்துவிடாதீர்கள்

மே மாதக் கடைசியில் கத்திரி கழிந்த மறுநாளே நம் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அப்பாடா, வெயில் முடிஞ்சுது." பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, நோட்டுக்கு அட்டை போட வேண்டும், சீருடை தைக்கக் கொடுக்க வேண்டும். லீவு முழுக்கக் கொல்லையிலேயே, அதாவது தோட்ட நிலத்திலேயே, கிடந்த குடும்பம் ஒரே வாரத்தில் டவுனுக்குத் திரும்பிவிடும். கடலூர், புதுச்சேரியில் வேலைக்குப் போய்க்கொண்டே ஆசைக்கு அரைக் காணி, ஒரு காணி வாங்கி நாலு மரம், பத்துக் கோழி, இரண்டு ஆடு வளர்க்கிற எங்களைப் போன்றவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

ஜூன் மாதம் முழுக்க நம் பக்கம் மேல்காற்று அடிக்கும். மத்தியானம் கரையேற வேண்டிய கடல்காற்றை அந்த வறண்ட காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கத்திரி போன பிறகும் சில நாள் 39 டிகிரி காய்கிறது. ஆனி, ஆடியில் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை கொட்டும், தரையெல்லாம் நனைந்து மண் மணக்கும். நான்கு விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள், கீழே பொடிமண்தான் இருக்கும். கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருவது. அதுவரை மரம் நம் கையை எதிர்பார்த்துத்தான் நிற்கிறது.

எங்கள் கொல்லை பண்ருட்டிக்கு மேற்கே, செம்மண் பூமி. ஒரு காணி, அதாவது 132 சென்ட். முந்திரி, பலா, ஓரமாகத் தென்னை, கொஞ்சம் வாழை. இரண்டாம் வருஷம் ஜூனில் "நல்ல மழைம்மா" என்று பக்கத்துக் கொல்லைப் பெரியவர் போனில் சொன்னதை நம்பி மூன்று வாரம் போகாமல் இருந்துவிட்டோம். போய்ப் பார்த்தபோது முந்தைய வருஷம் வைத்த ஒன்பது பலாக் கன்றுகளில் நாலு சருகாகி நின்றன. ஒன்றைத் தொட்டதும் கிளை கையோடு வந்துவிட்டது. என் பெரியவள் அதற்குப் பெயரெல்லாம் வைத்திருந்தாள். அன்றைக்கு வீடு திரும்பும்வரை அவள் யாரோடும் பேசவில்லை.

தண்ணீர் விடுவதிலேயே நிறைய தவறு நடக்கிறது. தென்னைக்கு நான் தண்டை ஒட்டி ஹோஸைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பேன். ஒருநாள் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, அடிமரத்துல ஊத்துனா அது எப்பிடிம்மா குடிக்கும்?" என்று கேட்டு, மரத்திலிருந்து மூன்று எட்டு தள்ளிப் போய் நின்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "வேரு இங்கல்ல வாய வச்சிக்கினு இருக்குது." தண்ணீர் குடிக்கிற இளவேர்கள் தண்டிலிருந்து சுமார் ஆறு அடி வரை வட்டமாகப் பரவியிருக்கும். அந்த ஆறடிக்கும் வட்டப்பாத்தி எடுத்து அதில் விட வேண்டும். பாத்திக்குள் தேங்காய் மட்டையை, நார்ப்பக்கம் கீழேயும் முதுகு மேலேயுமாகக் கவிழ்த்து நெருக்கி அடுக்கினால் ஈரம் நாலைந்து நாள் கூடுதலாக நிற்கிறது. மட்டை இல்லையென்றால் காய்ந்த ஓலை, முந்திரிச் சருகு எதுவும் போதும். சருகைக் கூட்டிக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கோடையில் அதைவிட நல்ல மூடாக்கு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் ஏழு நாள் தண்ணீரையும் ஒரே மூச்சில் விடுவதும் வீண்தான். செம்மண்ணில் அது வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும். சின்னதாகச் சொட்டுநீர் போட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் காலையில் யாராவது ஒருவர் பைக்கில் போய்வந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் புதன்கிழமை என் கணவர் போவார். சொட்டுவான்கள் கோடைக் கடைசியில் உப்பு அடைத்துக்கொள்ளும், குழாய் ஓடுவது போலவே இருக்கும், கன்றின் காலடி காய்ந்து கிடக்கும். அதனால் ஒவ்வொரு கன்றிலும் குனிந்து பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். கடலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர்வெல்லில் விடாமல் இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும். வாயில் வைத்து உப்புக் கரித்தால் மோட்டாரை நிறுத்தி ஊறவிட்டு ஊறவிட்டு இறைப்பதுதான் வழி.

தென்னையில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கோடையில் காயவிட்டதன் பலன் இப்போதே முழுசாகத் தெரியாது. குரும்பை கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். காய் குறைவது அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் வரைக்கும் போகும். "போன கோடை தாங்கிச்சே" என்று நினைத்து இந்தக் கோடையும் விட்டுவிடுவார்கள்.

அப்புறம் முந்திரி. இதை நான் அடித்துச் சொல்லியே ஆக வேண்டும். கடைசிக் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருப்போம், பிள்ளைகள் "சுட்டுத் தாம்மா" என்பார்கள். நாமும் சின்ன வயதில் சுட்டுத் தின்றவர்கள்தான் என்ற தைரியத்தில் அடுப்பை அவர்கள் கையில் விட்டுவிடுவோம். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது, தோலில் பட்டால் பொத்துப்போகும். சூடேறும்போது ஓடு வெடித்து அது பீய்ச்சியடிக்கும், தீயும் பற்றிக்கொள்ளும். என் சின்னவனுக்கு ஏழு வயதில் மணிக்கட்டில் ஒரு துளி தெறித்தது. ஒரு துளிதான். அன்று சிவந்து, மறுநாள் கொப்புளமாகி, கறுத்து உரிந்து தோல் பழைய நிறத்துக்கு வரப் பல மாதம் ஆனது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். சுடுவதென்றால் பெரியவர்கள்தான் சுட வேண்டும், திறந்தவெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று. ஓட்டை போட்ட தகரத்தில் கொட்டையைப் போட்டு நீளக் கம்பால் கிளறி, தீப்பிடித்ததும் மண்ணில் கொட்டி மண்ணால் மூடிப் புரட்டினால் எண்ணெயை மண் இழுத்துக்கொள்ளும். முழுதாக ஆறிய பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். அந்தப் புகையும் ஆகாது, கண் எரியும், இருமல் வரும். நம் பக்கத்துப் பெண்கள் பச்சைக் கொட்டை உடைக்க உட்காரும்போது கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியும் அவர்கள் விரல்கள் கறுத்துப்போய் இருக்கும். நூறு கிராம் பருப்பு வாங்கும்போது அந்தக் கைகள் எனக்கு ஞாபகம் வரும்.

முந்திரியில் கொட்டை ஓய்ந்ததும் மரத்தை மறந்துவிடுவதும் தவறு. அடிமரத்தில் பிசின் வழிகிறதா, மரத்தூள் மாதிரி சக்கை தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். தண்டிலும் வேரிலும் துளைக்கிற புழு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் புழுவைத் தோண்டி எடுத்தால் மரம் பிழைக்கும், இலை மஞ்சளான பிறகு பார்த்துப் பயனில்லை. காய்ந்த கிளை, உள்பக்கம் குறுக்கே ஓடும் கிளைகளைக் கழிக்கவும் இதுதான் சமயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நேரில் பார்த்தவர்கள் கிளை கழிக்க யோசிக்க மாட்டார்கள். தலைக்கனம் குறைந்த மரத்தைக் காற்று அவ்வளவு எளிதில் சாய்க்காது.

பலாவில் ஒன்றே ஒன்று. பழுத்து வாசனை வரட்டும் என்று மரத்திலேயே விட்டுவைக்காதீர்கள். முள் அகன்று மழுங்கி, தட்டினால் மொத்தென்று ஓசை வந்து, காம்பை ஒட்டிய இலை மஞ்சளானால் காய் முற்றிவிட்டது. கயிறு கட்டி இறக்கி வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கலாம். வாரம் ஒருநாள் போகிறவர்களுக்கு மரத்தில் பழுப்பது அணிலுக்கும் ஈக்கும்தான் போகும், காய் தொங்கும் மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பாய் விரிப்பதும் ஆபத்து.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் முதல் மழைக்குப் பிறகு மிகக் கவனமாக இருக்க வேண்டும். வெயிலில் வாடிய இளஞ்சோளமும், அறுத்த கட்டையிலிருந்து மழைக்குத் துளிர்த்த சோளக் குருத்தும் பார்க்கப் பச்சைப்பசேலென்று ஆசையாக இருக்கும். அதில் சயனைடு நஞ்சு அதிகம். ஒரு பசு அவிழ்த்துக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் மேய்ந்தாலே மூச்சிரைத்து, நுரை தள்ளி, கீழே விழுந்துவிடும். பூ எடுக்காத சோளத்தில் மாட்டை விடாதீர்கள், பச்சை மரவள்ளித் தழையும் போடாதீர்கள். விழுந்துவிட்டால் கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், தமிழ்நாட்டில் 1962 என்ற எண் இருக்கிறது. ஆட்டுக்கு, குடலில் நஞ்சேறும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். புதுப்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடுகள்தான் அதில் முதலில் போகின்றன.

இனி ராத்திரி. லீவு நாளில் கொல்லையில் தங்கினால் புழுக்கத்துக்காக மோட்டார் கொட்டகைத் திண்ணையிலோ வெறுந்தரையிலோ பாய் போட்டுப் படுத்துவிடுகிறோம். என் மாமியார் இதற்கு ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். கட்டிலைப் போட்டு, கொசுவலையைக் கட்டி, ஓரத்தை மெத்தைக்குக் கீழே சொருகிய பிறகுதான் பிள்ளைகளைப் படுக்கவிடுவார். அவர் செய்வதுதான் சரி. கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும் பாம்பு, பல சமயம் கடித்த வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமல் செருகுதல், நாக்குக் குழறல் என்று வந்தால் "ராத்திரி சாப்பிட்டது சேரலை" என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பகலில் சருகுக்குள் கை விட்டுக் கொட்டை பொறுக்குவதும் இதே மாதிரிதான், சுருட்டை விரியன் சருகின் நிறத்திலேயே கிடக்கும். கம்பால் தள்ளிவிட்டுப் பொறுக்குங்கள், பிள்ளைகளுக்கு ஷூ போடுங்கள். கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல், 108-ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி பக்கம், ராத்திரியில் எந்த வழி திறந்திருக்கும் என்பதை ஒரு பகலில் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்கால இடியின்போது மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், மாட்டையும் அங்கே கட்ட வேண்டாம். ஈரக்காலோடு மோட்டார் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மட்டும் போதாது, பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள்.

நடுவதில் அவசரமும் இந்தச் சமயத்துக்கே உரிய தவறு. லீவில் ஆள் இருக்கிறது என்று மே மாதமே கன்று நட்டுவிட்டு, ஜூனில் காயவிடுவோம். லீவில் குழி மட்டும் எடுத்து வெயிலில் ஆறப்போடுங்கள், கன்றை ஆடிக்குப் பிறகு வையுங்கள். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். வாழைக்கு ஆடிக்காற்று வருவதற்கு முன்பே சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துவிட வேண்டும். குலை தள்ளிய மரம் சாய்ந்த பிறகு தூக்கி நிறுத்தினால் காய் பெருக்காது.

பள்ளிக்கூடம் நடக்கிறதே என்று பிள்ளைகளை அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆடிப்பெருக்குக்கு நாங்கள் எப்படியாவது போய்விடுவோம். முதல்நாள் ராத்திரியே மாமியார் அவரைக்காய் விதையைத் தண்ணீரில் போட்டு வைப்பார். விடிந்ததும் வேலியோரம் ஆளுக்கு ஐந்து குழி. பெரியவள் குழிக்கு இரண்டு விதை எண்ணிப் போடுவாள், சின்னவன் செம்பில் தண்ணீரோடு பின்னாலேயே வருவான். அந்த அவரை பொங்கலுக்குக் குழம்பில் விழும்.