வன்னிக் காணிக்கு ஏரிவி வாங்கப் போறீங்களோ? ஆக்கள் விடுற பிழையள்

ஏரிவி (ATV) எண்டா ஹான்டிலும் நீளச் சீற்றும் வைச்ச, கரடுமுரடான பாதைக்கெண்டு செய்த நாலு சில்லு வண்டி. வாங்க வெளிக்கிட்டா முதல்ல குனிஞ்சு முன் சில்லுக்குப் பின்னாலை பாருங்கோ. நாலு சில்லு இருக்கிறதெல்லாம் போர் வீல் டிரைவ் இல்லை. மலிவா வாற 110, 150, 200 சிசி சாமான் கனக்கவிலை பின் அச்சைச் செயின் இழுக்கும், முன் சில்லு சும்மா உருளும், அவ்வளவுதான். விக்கிறவர் "நாலும் இழுக்கும் தம்பி" எண்டு சத்தியம் பண்ணட்டும், நீங்கள் பாக்க வேண்டியது முன் சில்லு ரண்டுக்கும் உள்ளுக்கிருந்து ஒவ்வொரு இரும்புத் தண்டு, நுனியிலை மடிப்பு மடிப்பாக் கறுத்த ரப்பர் உறை போட்டு, வருதோ எண்டதைத்தான். தண்டு இல்லையெண்டா முன்னுக்கு இழுவையும் இல்லை. கடற்கரை மணலிலை பொடியள் ஓடித் திரிய அது காணும், மாரியிலை ஒட்டுசுட்டான் பக்கத்து வயல் றோட்டுக்கு உதவாது.

மற்றப் பிழையள் சுத்திச் சுத்தி ரண்டு இடத்திலைதான் வந்து நிக்குது. ஒரு பகுதி ஆக்கள் இதைக் குட்டி ரக்டர் எண்டு நினைக்கினம், மற்றப் பகுதி பெரிய மோட்டச்சைக்கிள் எண்டு நினைக்கினம்.

ரக்டர் எண்டு நினைக்கிறவைக்குச் சொல்லுறன், சாதாரண ஏரிவியிலை பிரிஓ இல்லை, பின்னாலை சுத்துற தண்டு இல்லாட்டி சூடடிக்கிற மிசினும் ஓடாது, தண்ணிப் பம்பும் ஓடாது, ரொட்டவேற்றரும் ஓடாது. சேறடிச்ச வயலுக்கை இரும்புச் சில்லோடை லாண்ட்மாஸ்டர் (ரண்டு சில்லுக் கை உழவு மிசின்) போற மாதிரி இது போகாது, அடிவயிறு சேத்திலை குந்தினா 300 கிலோச் சாமானைத் தள்ளி எடுக்க நாலு பேர் வேணும். லாண்ட்மாஸ்டரை வித்துப்போட்டு ஏரிவி எடுக்கப் போறன் எண்டு ஆராவது சொன்னா நான் நேராவே வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். இது செய்யிற வேலை வேறை. காலமை குளக்கட்டாலை போய் துருசு (மதகு) பாத்து, அப்பிடியே யானை வேலி சுத்தி, மேட்டுக்காணிக்கு மருந்தும் உரமும் கொண்டுபோய், விழுந்த கொப்பை இழுத்து விட்டு மத்தியானத்துக்கு முதல் வீட்டை வாறது, அதுக்கு இதை அடிக்க ஒண்டும் இல்லை.

பாரக் கணக்குத்தான் கனபேர் பாக்காத இடம். யமஹா கிரிஸ்லி 700 பெரிய சாமான் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம், அதின்ரை முன் கரியர் 50 கிலோ, பின் கரியர் 90 கிலோ, கொழுவி இழுக்கிறது 600 கிலோ. இப்ப யூரியா பாக் ஒண்டு 50 கிலோ எல்லோ, பின்னாலை ரண்டு பாக் ஏத்தினாலே கணக்கு மிஞ்சிப் போச்சு. நெல்லு மூடை எண்டா ஒண்டோடை நிப்பாட்ட வேணும். ஹொண்டா ராஞ்சர் 420 இழுக்கிறது 385 கிலோதான், அந்தக் கணக்குக்குள்ளை பின்னாலை கொழுவிற இழுவைப் பெட்டியின்ரை சொந்தப் பாரமும் அடங்கும், எங்கடை பக்கம் லாண்ட்மாஸ்டருக்கு அடிக்கிற இரும்புப் பெட்டியைக் கொழுவினா வெறும் பெட்டியே பாதிக் கணக்கைத் திண்டுபோடும். பெட்டியிலை பிரேக்கும் இல்லை. குளக்கட்டாலை இறங்கேக்கை பின்னாலை இருக்கிற பாரம் முன்னுக்குத் தள்ளும், அப்ப ஏரிவி குறுக்கை மடியும். தண்ணித் தாங்கி ஏத்திறவையும் ஒண்டு கவனியுங்கோ, அரைத் தாங்கி தண்ணி முழுத் தாங்கியை விடக் குழப்படி, வளைவிலை எல்லாம் ஒரு பக்கத்துக்கு ஓடும்.

சிசியைக் கேட்டு வாங்கிறது அடுத்தது. 700 எண்டா வேகம், சத்தம், பெற்றோல் செலவு, எல்லாம் கூட. வேலைக்கு 400இலையிருந்து 500 வரை தாராளம், அதை விட முக்கியம் பெல்டோ கியரோ எண்டது. இண்டைக்கு வாற கன ஏரிவியள் சிவிரி, ஸ்கூட்டர் மாதிரி பெல்டிலை ஓடும், ஓட்டச் சுகம், ஆனா ஆக்கள் பாரம் இழுக்கேக்கையும் ஹை எண்ட வேக நிலையிலையே போட்டு முறுக்கினம், பெல்ட் வழுக்கிச் சூடாகி ஒரு கருகின மணம் வரும், பிறகு நடுக்காட்டிலை நிப்பாட்டிப் போட்டு ஆரையும் கோல் எடுக்க சிக்னலும் இருக்காது. பாரம், சேறு, ஏத்தம் எண்டா லோவிலை போடுங்கோ. பெல்ட் பெட்டிக்குள்ளை தண்ணி போனாலும் வழுக்கும், அதாலை வாய்க்கால் கடக்க முதல் அதுக்குக் காத்து எடுக்கிற குழாய் எவ்வளவு உயரத்திலை இருக்கு எண்டு பாத்து வையுங்கோ. ராஞ்சர் மாதிரி ஹொண்டாச் சாமானிலை பெல்ட் இல்லை, பல்லுக் கியர்தான். வேலைதான் முக்கியம் எண்டா என்ரை வாக்கு கியருக்கு.

பின் அச்சு விசயமும் அப்பிடித்தான். நேர் அச்சு எண்டா பாரத்துக்குப் பின்பக்கம் பெரிசாப் பதியாது, இழுக்க உறுதி, ஆனா நடுவிலை டிப் (அச்சின்ரை கியர்ப் பெட்டி) கீழை தொங்கும், பாலைக் கட்டை, கல்லு எண்டு எல்லாத்திலையும் முட்டும். தனித்தனி சஸ்பென்சன் காட்டுப் பாதைக்கு நல்லது, முதுகும் தப்பும்.

போர் வீல் போட்டாச்சு, இனி எங்கையும் போகலாம் எண்டும் நினைக்காதேங்கோ. முன் டிப் லொக் இல்லையெண்டா ஒரு முன் சில்லு சேத்திலை சும்மா சுத்தேக்கை மற்றது சும்மா நிக்கும். சில சாமானிலை சுவிட்ச் அழுத்தி லொக் பண்ண வேணும், பொலாரிஸிலை பின் சில்லு வழுக்கினா முன்பக்கம் தானாப் பிடிக்கும். சுவிட்ச் லொக்கைப் போட்டபடி காய்ஞ்ச கிரவலிலை வளைக்க வெளிக்கிட்டா ஹான்டில் திரும்பாது, புதைஞ்ச இடத்திலை போடுங்கோ, வெளியிலை வந்த உடனை எடுங்கோ.

இனி மோட்டச்சைக்கிள் எண்டு நினைக்கிற ஆக்கள். சீற் நீளமா இருக்கு, மனுசியையும் பிள்ளையையும் ஏத்துவம் எண்டு. அந்த நீளம் ஓட்டுறவர் பள்ளத்திலை, ஏத்தத்திலை முன்னுக்குப் பின்னுக்கு அரக்கி இருக்கிறதுக்கு. பின்னாலை ஒராள் குந்தினா ஏத்தத்திலை முன்சில்லு கிளம்பும், சரிவிலை பக்கவாட்டாப் பிரளும், பிரண்டா ஆளுக்கு மேலைதான் விழும். ரண்டு பேருக்கெண்டு அச்சிடை நீளமாச் செய்த மொடல் தனிய வருது, ரண்டாள் போறதெண்டா அதைத் தேடுங்கோ. அவுஸ்திரேலியாவிலை தோட்டங்களிலை இப்பிடிப் பிரண்டு செத்த ஆக்கள் கூடினபடியாத்தான் 2021 ஒக்டோபர் 11இலையிருந்து புதுசா விக்கிற வேலை ஏரிவிக்கு ஆளைக் காக்கிற வளைவுக் கம்பி கட்டாயம் எண்டு சட்டம் போட்டினம். இஞ்சை அப்பிடி ஒருத்தரும் கேக்கப் போறேல்லை, கம்பியும் ஹெல்மெற்றும் நீங்களாப் பாத்து வாங்க வேண்டியதுதான். குளக்கட்டிலை சரிவுக்குக் குறுக்காலை ஓடாதேங்கோ, நேரா ஏறி நேரா இறங்குங்கோ.

ரயருக்குக் காத்து அடிக்கிற இடத்திலையும் இதே நினைப்புத்தான். மோட்டச்சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி முப்பது அடிச்சு விடுவினம், ஏரிவி ரயருக்கு அனேகமா 5இலையிருந்து 7 பிஎஸ்ஐ தான் கணக்கு. கூட அடிச்சா பந்து மாதிரித் துள்ளும். கராஜிலை இருக்கிற மீற்றர் அவ்வளவு குறைவைச் சரியாக் காட்டாது, அதுக்கெண்டு சின்ன மீற்றர் ஒண்டு வாங்கிப் பெட்டிக்குள்ளை போடுங்கோ. ஆழப் பல்லு வைச்ச சேத்து ரயர் பாக்க வடிவுதான், ஆனா வருசத்திலை கனமாதம் எங்கடை நிலம் காய்ஞ்ச கிரவல், அங்கை அது கெதியாத் தேயும், வரம்பையும் கிண்டிப்போடும். சூரை முள்ளு, காரை முள்ளுக்குத் தாங்கிற தடிச்ச ஆறு பிளை ரயர்தான் எங்களுக்குச் சரி.

பழசு வாங்கிறவை கிலோமீற்றரை மட்டும் பாக்காதேங்கோ. இலங்கையிலை 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இலைதான் திறந்து விட்டவை, அதுக்கு முந்தி வந்த சாமான் எண்டா வயசு போயிருக்கும். மீற்றரிலை மணித்தியாலமும் காட்டினா ரண்டையும் சேத்துப் பாருங்கோ, கிலோமீற்றர் குறைவு, மணித்தியாலம் கூட எண்டா பாரத்தோடை ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்த சாமான். எஞ்சின் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்திலை இருந்தா உள்ளை தண்ணி போயிட்டு, திரும்பி வாங்கோ. அச்சு ரப்பர் உறை கிழிஞ்சிருக்கோ, முன் சில்லை ஆட்ட ஆடுதோ, சேசிலை வெல்டிங் அடிச்சிருக்கோ, எல்லாம் பாருங்கோ. எயார் பில்டரைக் கழட்டச் சொல்லுங்கோ, சோளகக் காத்து தொடங்கிப் புழுதி கிளம்புற காலத்திலை அதைக் கழுவாமல் ஓட்டினவரெண்டா எஞ்சினும் அந்தக் கெதிதான். பெல்ட், பிரேக் பாட், பில்டர் எங்கை எடுக்கலாம் எண்டு வாங்க முதலே விசாரியுங்கோ. கொழும்பிலை இருந்து எடுப்பிக்கிறதெண்டாலும் பரவாயில்லை, ஒருத்தருக்கும் தெரியாத பிராண்டை எடுத்தாத்தான் கஸ்டம்.

பதிவுப் புத்தகம் இல்லாத சாமான் சொந்தக் காணிக்குள்ளை மட்டும்தான், ஏ9 றோட்டிலை ஏத்தேலாது. 2022இலை பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த நேரம் பதிவு நம்பர் இல்லாதவை பெற்றோலுக்குப் பட்ட பாடு மறந்திருக்காது. புத்தகம் இருந்தா சேசி நம்பரை அதோடை ஒப்பிட்டுப் பாருங்கோ.

காடு ஓடுற ஆசைக்கு வந்தா, இஞ்சை பாதை தெரிவு ஏரிவித் தெரிவை விடப் பெரிசு. மிதிவெடி எடுக்கிற வேலை 2002இலை தொடங்கி இன்னும் நடக்குது, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்திலை வந்த தடத்தாலையே திரும்புங்கோ, குறுக்குப் பாதை தேடாதேங்கோ. வன இலாகா, வனஜீவராசிகள் காட்டுக்குள்ளை அனுமதி இல்லாமல் போனா வழக்கு வரும். பொழுதுபடுற நேரம் முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புப் பக்கம் யானை இறங்கும், சைலன்சர் சத்தம் கூடின சாமானிலை போனா யானை நிக்கிறது உங்களுக்குக் கேக்கவே கேக்காது. அறுவடை முடிஞ்ச வயலுக்கை ஓடினா இடைக்கிடை இறங்கி சைலன்சரடியிலை சிக்கின வைக்கோலை எடுத்து விடுங்கோ, அது பத்தினா வாங்கின ஏரிவியும் இல்லை, பக்கத்துக் காணிக்காரரின்ரை சூட்டுக் கும்பியும் இல்லை.