வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்னொரு ஹார்டு டிஸ்க்: மாட்டுவதும் பாகம் பிரிப்பதும்

மதுரை திருநகரில் இருக்கும் என் பெரியப்பா, சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தல்லாகுளத்தில் எதிர்சேவை, மறுநாள் விடியக்காலையில் அழகர் வைகையில் இறங்குவது, அதற்கடுத்த நாள் இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் என்று எதையும் விடமாட்டார். பல வருஷத்து வீடியோக்கள் அவருடைய டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. இந்த வருஷம் காப்பி செய்ய உட்கார்ந்தபோது டி டிரைவில் இடமே இல்லை. "பழைய வருஷத்துல ஏதாச்சும் ஒண்ணை அழிச்சுரவாப்பா?" என்று போனில் கேட்டார். "எதையும் தொடாதீங்க பெரியப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன். இன்னொரு டிஸ்க் மாட்டிக்கலாம்" என்றேன்.

அன்று அவர் வீட்டில் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். டிஸ்க்கை மாட்டுவது சுலபம். முழுக் கவனமும் தேவைப்படுவது அதற்கப்புறம், திரையில் பார்ட்டிஷன் போடும்போது, அதாவது டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும்போது. அங்கே தவறான டிஸ்க்கில் இரண்டு கிளிக் விழுந்தால் போதும், பல வருஷம் சேர்த்து வைத்தது போய்விடும். அதனால் அந்த இடத்தில் மட்டும் நிதானமாக நின்று சொல்லப்போகிறேன்.

வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே கேபினட்டைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். மதர்போர்டில், அதாவது உள்ளே இருக்கும் பெரிய பலகையில், டிஸ்க்கின் டேட்டா ஒயரை மாட்டும் சாட்டா போர்ட் காலியாக இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் பெட்டியிலிருந்து வரும் ஒயர்களில் அகலமான, தட்டையான சாட்டா பவர் முனை ஒன்று சும்மா தொங்குகிறதா? டிஸ்க்கை உட்கார வைக்க முன்பக்கக் கூட்டில் இடம் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் சாதாரண சாட்டா டிஸ்க் தாராளமாகப் போதும்.

கொஞ்சம் புதிய போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் இருக்கும். பெரும்பாலும் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளத்தில் வரும் சின்ன எஸ்.எஸ்.டி. (உள்ளே சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) அதில் படுத்துக்கொள்ளும், ஒயரே தேவையில்லை. ஆனால் அந்த ஸ்லாட் சாட்டா வகையை ஏற்குமா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகையை ஏற்குமா என்பதை போர்டின் கையேட்டில் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். சில போர்டுகளில் எம்.2-வில் டிஸ்க் போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாமல் போகும். அதையும் கையேட்டில் எழுதியிருப்பார்கள்.

எதை வாங்குவது? விண்டோஸ் சட்டென்று திறக்க வேண்டும் என்றால் எஸ்.எஸ்.டி. நிறைய வீடியோவும் போட்டோவும் சேமிக்கத்தான் என்றால், அதே பணத்துக்கு அதிக இடம் தருவது ஹார்டு டிஸ்க். பெரியப்பாவுக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க் போதும் என்று முடிவு செய்து, டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் வாங்கினோம். கடையில் மறக்காமல் ஒரு சாட்டா டேட்டா கேபிளும் நான்கு ஸ்க்ரூவும் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் மாட்டும் டிஸ்க்கோடு இவை பெரும்பாலும் வருவதில்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவுக்கென்று தனியாக டிஸ்க் உண்டு. அதுவும் ஓடும், ஆனால் நீங்கள் டெஸ்க்டாப்புக்கான டிஸ்க் என்று தெளிவாகக் கேளுங்கள்.

மாட்டும் வேலை

முதலில், இருப்பதிலேயே இழக்க முடியாதவற்றை ஒரு பென் டிரைவிலோ எக்ஸ்டெர்னல் டிஸ்க்கிலோ காப்பி எடுத்து வையுங்கள். வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இதை விடாதீர்கள்.

அப்புறம் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, பவர் ஒயரையும் உருவிவிடுங்கள். உருவிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். கேபினட்டை மேஜை மேல் படுக்க வைத்து, முன்பக்கமிருந்து பார்க்கும்போது இடப்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பின்னால் இரண்டு ஸ்க்ரூதான் இருக்கும். உள்ளே கை வைக்கும் முன் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் சிப்புகளுக்கு ஆகாது. ஒயர்கள் இருக்கும் நிலையை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் இந்தப் பெட்டிகள் படும் பாட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பெரியப்பா வீட்டில் பஞ்சுப் பொதி போல அடைந்திருந்தது. திறந்ததோடு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதிவிட்டோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விடாதீர்கள்.

3.5 அங்குல ஹார்டு டிஸ்க்கைக் கூட்டில் தள்ளி, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போட வேண்டும். அதற்குத் தடித்த மரை உள்ள ஸ்க்ரூ. 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கு மெல்லிய மரை. மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். ஏற்கெனவே ஒரு டிஸ்க் இருந்தால் அதற்கு ஒட்டினாற்போல் வைக்காமல் ஒரு தட்டு இடைவெளி விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டுக்கும் காற்று போக வேண்டும்.

இனி இரண்டு ஒயர்கள். குறுகலான 7 பின் முனை டேட்டா கேபிள், ஒரு நுனி மதர்போர்டுக்கு, மறு நுனி டிஸ்க்குக்கு. அகலமான 15 பின் முனை பவர், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வருவது. இரண்டுமே உள்ளே மூலைமட்டம் போல ஒரு வளைவோடு இருக்கும், அதனால் ஒரு பக்கமாகத்தான் நுழையும். நுழையாவிட்டால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். கல்லூரியில் படிக்கும்போது நான் முதன்முதலில் மாட்டிய டிஸ்க்கில் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துபோனது. புது டிஸ்க் அது, அப்பா வாங்கிக் கொடுத்தது. இன்றும் அந்த இடத்தில் என் கை தானாக மெதுவாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் ஒயர்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். என்றால், அதனோடு வந்த ஒயரையே பயன்படுத்துங்கள். வேறொன்றின் ஒயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பின் வரிசை மாறியிருந்தால் டிஸ்க் எரிந்துவிடும்.

திரையில் அடையாளம் காண்பது

பவர் கொடுத்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரைக்குள் போங்கள். எந்த விசை என்பது போர்டைப் பொறுத்தது. அங்கே புது டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் மாட்டியது சரி. தெரியாவிட்டால் பத்தில் எட்டு முறை ஒயர் முழுதாக உட்கார்ந்திருக்காது. அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

விண்டோஸ் வந்ததும் திஸ் பிசியைத் திறந்தால் புது டிஸ்க் இருக்காது. பெரியப்பா முகம் வாடிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. வேலி போடாத நிலத்துக்குக் கதவு எண் கிடையாதே! ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் திறங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகப் பட்டைகள் தெரியும். நீலத் தலைப்பு உள்ளவை ஏற்கெனவே பாகம் பிரித்தவை. கறுப்புத் தலைப்போடு அன்அலொகேட்டட் என்று இருப்பது காலி இடம்.

இங்கேதான் நிற்கச் சொன்னேன். சில வருஷங்களுக்கு முன்பு அத்தை வீட்டில் இதே வேலையைச் செய்தேன். இரண்டு டிஸ்க்கும் 1 டிபி. கடைக்காரர் கொடுத்த டிஸ்க் ஏற்கெனவே ஃபார்மேட் ஆகியிருந்ததால் இரண்டுமே நீலமாகத் தெரிந்தன. பேசிக்கொண்டே கீழே இருப்பதுதான் புதிது என்று நினைத்து டெலீட் கொடுத்து, ஃபார்மேட்டும் செய்துவிட்டேன். அழிந்தது அத்தை மகனின் முதல் பிறந்தநாள், காதுகுத்து எல்லாம் இருந்த டிஸ்க். ரெக்கவரி மென்பொருள் வைத்து மூன்று நாள் உட்கார்ந்து முக்கால்வாசியை எடுத்தேன். மீதி வரவேயில்லை. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதிலிருந்து நான் செய்வது இது. திறப்பதற்கு முன்பே பழைய டிரைவ்களின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிவிடுவேன். டிஸ்க் எண்ணை மட்டும் நம்புவதில்லை. ஒயரை எந்தப் போர்ட்டில் மாட்டினோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறலாம். டிஸ்க் 1 என்ற இடத்தில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் மாடல் எண் தெரியும், அதை டிஸ்க்கின் ஸ்டிக்கரோடு ஒப்பிடுவேன். அப்போதும் சந்தேகம் இருந்தால் அணைத்துவிட்டு, விண்டோஸ் இல்லாத பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றிவிடுவேன். மாட்டாத டிஸ்க்கை யாராலும் அழிக்க முடியாது.

இன்னொன்று. நீங்கள் மாட்டுவது புதிதாக இல்லாமல், ஃபைல்கள் உள்ள பழைய டிஸ்க்காக இருந்து, விண்டோஸ் "இனிஷியலைஸ் செய்யவா", "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். டிஸ்க்கில் கோளாறு இருக்கலாம், அல்லது விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத முறையில் எழுதியிருக்கலாம். முதலில் உள்ளே இருப்பதை எடுக்கப் பாருங்கள்.

பாகப்பிரிவினை

புது டிஸ்க்கில், அதை முதன்முதலாகத் தயார் செய்யும் இனிஷியலைஸ் பெட்டி தானாக வரும். பாகங்களின் கணக்கை டிஸ்க்கில் எழுதி வைக்கும் முறை எம்.பி.ஆர்.ஆ, ஜி.பி.டி.யா என்று கேட்கும். ஜி.பி.டி.யைத் தேர்ந்தெடுங்கள். எம்.பி.ஆர். பழைய முறை. பொதுவாக 2 டிபிக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது, நான்கு பிரதான பாகங்களுக்கு மேல் பிரிக்கவும் முடியாது. ஜி.பி.டி.யில் விண்டோஸ் 128 வரை அனுமதிக்கும்.

அடுத்து பெரியப்பா கேட்ட கேள்வி: "2000 ஜிபினு காசு வாங்கிட்டு 1863 காட்டுதே, மிச்சம் 137 எங்கப்பா?" யாரும் எடுக்கவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. பைட் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். 1 டிபி டிஸ்க் இதே கணக்கில் 931 ஜிபி என்று தெரியும்.

எத்தனை பாகம்? வீடியோ, போட்டோ, பாட்டு, பேத்தியின் படிப்பு என்று நான்கு வேண்டும் என்றார் பெரியப்பா. அதெல்லாம் ஃபோல்டர் செய்யும் வேலை. அண்ணன் தம்பிக்குள் வீட்டைப் பிரித்துச் சுவர் எழுப்பிவிட்டால், ஒருவர் பக்கம் சும்மா கிடக்கும் அறை இன்னொருவருக்கு உதவாது. நான்கு பாகம் போட்டால், ஒன்றில் 200 ஜிபி காலியாக இருக்கும்போதே இன்னொன்று நிரம்பி வழியும். இரண்டே போதும் என்று ஒத்துக்கொள்ள வைத்தேன்: திருவிழாவுக்கு 1400 ஜிபி, மீதி வீட்டுக்கு.

காலிப் பட்டை மேல் ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம் கொடுங்கள். அளவை எம்பி கணக்கில் கேட்கும், ஜிபியை 1024 ஆல் பெருக்க வேண்டும். 1400 ஜிபிக்கு 1433600. அடுத்து டிரைவ் எழுத்து, அது தருவதையே விட்டுவிடலாம். ஃபைல் சிஸ்டம் என்.டி.எஃப்.எஸ். அலொகேஷன் யூனிட் டீஃபால்ட். வால்யூம் லேபிளில் தமிழிலேயே "திருவிழா" என்று எழுதினேன், அழகாக ஏற்றுக்கொண்டது. குவிக் ஃபார்மேட் டிக் இருக்கட்டும், சில விநாடியில் முடியும். டிக்கை எடுத்தால் டிஸ்க் முழுவதையும் சோதிக்கும், 2 டிபிக்கு மணிக்கணக்கில் ஆகும். மிச்ச இடத்துக்கும் இதையே செய்து "வீடு" என்று பெயர் வைத்தோம்.

பின்னால் அளவை மாற்ற முடியுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு பாகத்தைப் பெரிதாக்க, அதற்கு வலப்பக்கம் ஒட்டியே காலி இடம் இருக்க வேண்டும். இடப்பக்கம் எவ்வளவு இருந்தாலும் எடுக்காது. அதனால் எப்படிப் பிரிப்பது என்று இப்போதே தெரியாவிட்டால் முதல் பாகத்தை மட்டும் போட்டுவிட்டு, வலப்பக்கத்தைக் கறுப்பாகவே விட்டுவையுங்கள். தேவைப்படும்போது எக்ஸ்டெண்ட் கொடுத்துக்கொள்ளலாம்.

வீடியோக்களை மாற்றுவது

கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி செய்து, முடிந்ததும் நாலைந்து வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்து, அப்புறம் பழையதை அழியுங்கள். 600 ஜிபிக்கு விநாடிக்கு 120 எம்பி வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். சின்னச் சின்ன ஃபைல்களாக இருந்தால் இன்னும் கூடும். யு.பி.எஸ். இல்லாத வீடென்றால், உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

மாலை காபி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. "அப்ப இனிமே பயமில்ல" என்றார் பெரியப்பா. பயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கின்றன. ஐப்பசி மழையில் ஒரு இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகலாம். இடம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் தனியாக ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கி, "திருவிழா" முழுவதையும் அதிலும் ஏற்றினோம். அது இப்போது அண்ணா நகரில் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அழகர் மலைக்குத் திரும்பிய மறு வாரம் நான் அதை எடுத்துக்கொண்டு திருநகர் போக வேண்டும் என்பது ஏற்பாடு.