ஓப்பன் சோர்ஸ் கோட்ல நீங்க செஞ்ச மாத்தம் அடுத்த அப்டேட்ல காணாம போகாம இருக்கணும்னா

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு மளிகை கடைக்கு ஓப்பன் சோர்ஸ் பிஓஎஸ் (யாரு வேணா மாத்திக்கலாம்னு கோட தொறந்து விட்ட பில்லிங் சாஃப்ட்வேர்) போட்டு குடுக்குறீங்கன்னு வெச்சுக்குங்க. 2008 ஏப்ரல்லேர்ந்து இங்க மலேசியாவுல கேஷ்ல கட்டுனா பில் மொத்தத்த 5 காசுக்கு ரவுண்ட் பண்றோம், 12.32 வந்தா 12.30, 12.33 வந்தா 12.35, கார்டுக்கு இது கிடையாது. எங்கயோ உக்காந்து எழுதுன கோட்ல இது இல்லன்னு வைங்க, நீங்களே ஃபைல தொறந்து மாத்திடுவீங்க, அப்புறம் புது வெர்ஷன மேல ஏத்துனா எல்லாம் போச்சு லா.

அதனால ஜிப் ஃபைல் டவுன்லோட் பண்ற வேலையே வேணாம், கிட் (கோட்ல செஞ்ச மாத்தத்த வரிசையா பதிஞ்சு வெக்கிற டூல்) வெச்சு குளோன் பண்ணுங்க, அதாவது ஹிஸ்டரியோட முழு காப்பி எடுங்க. சாஃப்ட்வேர் எழுதுனவங்க ரெப்போவுக்கு (கோடும் ஹிஸ்டரியும் இருக்குற எடம்) அப்ஸ்ட்ரீம்னு பேரு, உங்க ரெப்போ ஆரிஜின். மெயின் பிராஞ்ச்ல (கோட்டோட முக்கிய கிளைல) கைய வைக்காதீங்க. அவங்க ரிலீஸ் டேக்லேர்ந்து (ஒரு வெர்ஷனுக்கு ஒட்டுன அடையாளத்துலேர்ந்து) 'கடை'ன்னு ஒரு பிராஞ்ச் பிரிச்சு நம்ம வேலய மட்டும் அதுல போடுங்க.

ஒரு கமிட்ல (ஒரு தடவ பதியுற மாத்தத்துல) ஒரே விஷயம். ரவுண்டிங் தனி, ரசீதுல தமிழ் பேரு தனி. மெசேஜ்ல 'ஃபிக்ஸ்'னு மட்டும் எழுதி வெக்காதீங்க, ஏன் மாத்துனோம்னு எழுதுங்க, அடுத்த வருஷம் கான்ஃப்ளிக்ட் (அவங்க மாத்துனதும் நம்ம மாத்துனதும் ஒரே எடத்துல மோதுறது) வரும்போது அந்த ரெண்டு வரிதான் கை குடுக்கும். போற போக்குல அவங்க கோட்ல இண்டென்ட் சரி பண்றது, வேரியபிள் பேர அழகாக்குறது இதெல்லாம் சுத்தமா கூடாது, தொட்ட ஒவ்வொரு வரியும் பின்னாடி நமக்குத்தான் தலவலி.

புது ரிலீஸ் வந்தா ஃபெட்ச் பண்ணிட்டு (அவங்க புது கமிட்ட எறக்கிட்டு), கடை பிராஞ்சோட பழைய நெலமைக்கு ஒரு டேக் போட்டு வெச்சுட்டு, ரீபேஸ் பண்ணுங்க (நம்ம கமிட்ட புது வெர்ஷன் மேல மறுபடி அடுக்குறது), ஆனா சும்மா ரீபேஸ் இல்ல, ஆன்டூ போட்டு அவங்க புது ரிலீஸ் டேக், அவங்க பழைய ரிலீஸ் டேக், கடை, இந்த வரிசைல குடுங்க. நெறைய புராஜெக்ட்ல ரிலீஸுக்குன்னு தனி பிராஞ்ச் இருக்கும், ஆன்டூ இல்லாம ஓட்டுனா அவங்களோட பழைய கமிட்டும் நம்மளோடதுன்னு நெனச்சு இழுத்துட்டு வரும். கிட்ல ரிரிரி (rerere) செட்டிங்க முன்னாடியே ஆன் பண்ணிடுங்க, ஒரு தடவ தீர்த்த கான்ஃப்ளிக்ட ஞாபகம் வெச்சுக்கிட்டு அதே மறுபடி வந்தா தானே தீர்த்துடும். தப்பா தீர்த்திருந்தா அதையும் ஞாபகம் வெச்சுக்கும், அப்போ ரிரிரி ஃபர்கெட் கமாண்ட் போட்டு மறக்க வைங்க.

முடிஞ்சதும் ரேஞ்ச் டிஃப் பாருங்க, நம்ம பழைய பேட்ச்சும் (கமிட்ல உள்ள மாத்தம்) புது பேட்ச்சும் எங்க வித்தியாசம்னு ஜோடி சேத்து காட்டும். கான்ஃப்ளிக்ட் வரலங்கறதால எல்லாம் ஓகேன்னு அர்த்தம் இல்ல, அவங்க மொத்தம் போடுற ஃபங்ஷன வேற எடத்துக்கு மாத்தியிருந்தா நம்ம ரவுண்டிங் யாரும் கூப்புடாத மூலைல சும்மா கெடக்கும். கேஷ்ல ஒரு பில், கார்டுல ஒரு பில் அடிச்சு பாத்துட்டு உங்க ரெப்போவுக்கு புஷ் பண்ணுங்க (ஏத்துங்க), வெறும் ஃபோர்ஸ் வேணாம், ஃபோர்ஸ் வித் லீஸ், நடுவுல வேற யாராச்சும் ஏத்தியிருந்தா அத அழிக்காம நிறுத்திடும்.

ரவுண்டிங் மாதிரி மத்தவங்களுக்கும் உதவுறத ஒரு செட்டிங்கா எழுதி புல் ரிக்வெஸ்ட் (இதையும் சேத்துக்குங்கன்னு அவங்களுக்கு ஒரு கோரிக்கை) அனுப்பிடுங்க, அப்படியே ஏத்துக்கிட்டா அடுத்த ரீபேஸ்ல அந்த கமிட் தானா உதுந்துடும். ரெண்டு மூணு பேரு ஒரே பிராஞ்ச்ல வேல செஞ்சா மட்டும் ரீபேஸ விட்டுட்டு மெர்ஜ் பண்ணுங்க (ரெண்டு ஹிஸ்டரியையும் அப்படியே ஒண்ணா சேக்குறது), ஹிஸ்டரி அசிங்கமா இருந்தாலும் பரவால்ல.