தீர்க்கக்கோட்டை வைத்து நேரம் கணக்கிடுவது எப்படி?

சமூக அறிவியல் தாளில் "கிரீன்விச்சில் காலை 6 மணி என்றால் இந்தியாவில் மணி என்ன?" என்று கேட்டால் பலரும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் நான்காம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். ஒரு அட்லஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் வடக்கு தெற்காக ஓடும் கோடுகள்தான் தீர்க்கக்கோடுகள். லண்டனில் உள்ள கிரீன்விச் வழியாகப் போவது 0°, மற்றவை அதிலிருந்து கிழக்கு, மேற்கு என்று எண்ணப்படுகின்றன.

படி 1: ஒரு பாகைக்கு எத்தனை நிமிடம்?

பூமி ஒரு முறை தன்னைத்தானே சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. ஒரு முழுச் சுற்று 360 பாகை. 360ஐ 24ஆல் வகுத்தால் 15. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். தேர்வறையில் மறந்துபோனாலும் வகுத்துப் பார்த்தால் வந்துவிடும்.

படி 2: கூட்டுவதா, கழிப்பதா?

மதிப்பெண் போவது பெரும்பாலும் பெருக்கலில் இல்லை, இந்த இடத்தில்தான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் கிழக்கே இருக்கும் ஊருக்கு முதலில் விடிகிறது. ஆகவே கிழக்கே போனால் கூட்டுங்கள், மேற்கே போனால் கழியுங்கள்.

இந்தியாவின் நேரத்துக்கு அடிப்படை 82°30′ கிழக்கு. 82.5 × 4 = 330 நிமிடம், அதாவது 5 மணி 30 நிமிடம். கிரீன்விச்சில் காலை 6 என்றால் இங்கே 11.30. மேற்குப் பக்கம் நியூயார்க்கை எடுப்போம்: 74° மேற்கு. 74 × 4 = 296 நிமிடம், 4 மணி 56 நிமிடம். கழித்தால் அதிகாலை 1.04. ஆனால் அங்கே சுவர்க் கடிகாரம் சரியாக 1 மணி காட்டும் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் 2 மணி). ஏன் என்பதற்கு அடுத்த படி.

படி 3: தல நேரமும் திட்ட நேரமும்

ஒவ்வொரு ஊருக்கும் அதன் தீர்க்கக்கோட்டின்படி ஒரு தல நேரம் உண்டு. ஒரு நாடோ பெரிய பகுதியோ முழுவதும் பொதுவாக வைத்துக்கொள்வது திட்ட நேரம். நியூயார்க் கடிகாரம் காட்டுவது இதைத்தான். சென்னை 80°17′ கிழக்கில் இருக்கிறது. 82°30′இலிருந்து கழித்தால் வித்தியாசம் 2°13′. பாகைக்கு 4 நிமிடம் என்றால் கலைக்கு (பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ′ என்ற குறி) 4 விநாடி. ஆக 8 நிமிடம் 52 விநாடி. கடிகாரத்தில் 12 அடித்து ஏறக்குறைய 9 நிமிடம் கழித்துத்தான் சென்னையின் தல நேரப்படி நண்பகல்.

முன்பு ஊர்கள் இந்தத் தல நேரத்தையே வைத்திருந்தன. மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இது பெரிய தலைவலி. கால அட்டவணை போடுபவர் எந்த ஊர் நேரத்தைப் போடுவார்? கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தின் கணக்கில் அமைந்த மெட்ராஸ் நேரமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்குப் பொது நேரமாக இருந்தது. 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சை 0° என்று ஏற்றது. பிரான்ஸ் அப்போது வாக்களிக்கவில்லை. 1911 வரை பாரிஸ் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது! இந்திய திட்ட நேரம் 1906 ஜனவரி 1இல் வந்தது. அப்புறமும் கொல்கத்தாவும் மும்பையும் பல பத்தாண்டுகள் தங்கள் பழைய நேரத்தை விடவில்லை.

82°30′ ஏன்? நாடு 68°7′ முதல் 97°25′ வரை பரந்திருக்கிறது. இந்தக் கோடு ஏறத்தாழ நடுவில் வருகிறது, கணக்கும் முழு அரை மணியில் முடிகிறது. இரு ஓரங்களுக்கும் இடையே சூரிய நேரத்தில் சுமார் 2 மணி நேரம் வித்தியாசம். அருணாசலப் பிரதேசத்தில் விடிந்து வெகு நேரம் ஆன பிறகும் குஜராத்தில் இருட்டாக இருப்பது அதனால்தான்.

படி 4: தேதிக்கோடு

180° தீர்க்கக்கோட்டை ஒட்டிப் பன்னாட்டு தேதிக்கோடு செல்கிறது. மேற்கு நோக்கிக் கடந்தால் ஒரு நாளைக் கூட்டுங்கள், கிழக்கு நோக்கிக் கடந்தால் கழியுங்கள். படி 2க்கு நேர் எதிர் என்பதால் குழம்பும், கவனம். கோடும் நேராக இருக்காது, தீவுகளுக்காக வளைகிறது. சமோவா நாடு கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டபோது 2011 டிசம்பர் 30 என்ற நாளே அங்கே வரவில்லை.

படி 5: வெயிலில் சரிபார்ப்பது

சமமான தரையில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் உங்கள் ஊர் நண்பகல். ஆனால் அந்த நேரத்தில் நிழல் மிக மெதுவாக மாறுவதால் கண்ணுக்குச் சிக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. காலை 11 மணிக்கு நிழலின் நுனியைக் குறித்து, குச்சியை மையமாக வைத்து அந்த நுனி வழியாக ஒரு வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைப் பாருங்கள். அது 1.18 என்றால், நடுப்புள்ளி 12.09.

சென்னையில் ஆண்டு முழுக்க இதே விடை வராது. பிப்ரவரி நடுவில் 12.23 வாக்கில் வரும், நவம்பர் தொடக்கத்தில் 11.53 வாக்கில் வரும். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் காரணம். கோயம்புத்தூர்க்காரர்கள் 76°57′ வைத்துக் கணக்கிடுங்கள்: சராசரி 12.22 வர வேண்டும்.