சுவருக்குள் போகும் வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்: ஐபி கமராவும் ஐபி போனும் பொருத்துவோர் விடும் தவறுகள்

போன மாதம் மருந்து வாங்க திருகோணமலை என்.சி. வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு தம்பி ஏணியில் நின்று கமரா பூட்டிக்கொண்டிருந்தார். கூரை மூலையில், பன்னிரண்டு அடி உயரத்தில், நேரே கீழே பார்த்தபடி. கடைக்கு வருபவரின் உச்சந்தலையைத் தவிர வேறு எதுவும் அதில் விழாது. நிலத்தில் கிடந்த வயர்ச் சுருளைத் தூக்கிப் பார்த்தேன். கையில் பாரமே தெரியவில்லை. இந்த வேலைக்குப் புதிதாய் வந்த காலத்தில் நான் செய்த இரண்டு தவறுகளும் ஒரே அறையில் கிடந்தன.

அந்தத் தம்பியோடு பத்து நிமிடம் பேசினேன். கடை வாசலில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். ஐபி கமரா, ஐபி போன் என்பவை கணினி வலையமைப்பு வயரில் ஓடுபவை. கமராவைத் தலைகீழாகப் பூட்டுவது, திகதி நேரம் சரிசெய்யாமல் விடுவது போன்ற சின்னப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை ஒருநாள் வேலையில் தானாகவே பிடிபடும்.

மெகாபிக்சலைப் பார்த்து லென்ஸை மறப்பது

கடைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். லென்ஸ் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டவரை நான் விரல் விட்டு எண்ணலாம்.

ஒரு ஆளை இன்னார் என்று அடையாளம் காண, படத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். கண்காணிப்புக் கமராக்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62676, 2014 இல் வகுத்த அளவு அது. இதை வைத்துக் கணக்குப் பாருங்கள். 4 மெகாபிக்சல் கமராவின் படம் 2560 பிக்சல் அகலம். சந்தையில் அதிகம் கிடைக்கும் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறத்தாழ 100 பாகை விரிவாகப் பார்க்கும். பத்து மீற்றர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 24 மீற்றர் அகலத்தை ஒரே படத்துக்குள் அடைக்கும். ஒரு மீற்றருக்கு 107 பிக்சல்தான் மிஞ்சும். வந்தது ஆணா பெண்ணா, என்ன நிறச் சட்டை என்று சொல்லலாம், முகம் வராது. அதே கமராவில் 6 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் அதே பத்து மீற்றரில் 260 பிக்சல் அளவுக்குக் கிடைக்கும். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

2.8 லென்ஸோடு முகம் வேண்டுமென்றால் ஆள் நான்கு மீற்றருக்குள் வர வேண்டும். அதனால் வாசற்படியைப் பார்த்தபடி, தலைக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு கமராவை முதலில் பூட்டுங்கள். முற்றம் முழுவதையும் காட்டும் மற்றக் கமராக்களை அப்புறம் யோசிக்கலாம்.

சுவருக்குள் போகும் வயர்

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிலாவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டி ஒரு விருந்தினர் விடுதி. அதை நடத்துகிற அக்கா கட்டிடம் கட்டும்போதே என்னைக் கூப்பிட்டு, பூச்சு வேலைக்கு முன்னமே வயர் இழுத்துவிடச் சொன்னார். ஆறு கமரா. கடையில் இரண்டு வகை வயர்ப் பெட்டி இருந்தது. இரண்டிலும் கேட் 6 (வலையமைப்பு வயரின் ஒரு தர வகை) என்றுதான் அச்சடித்திருந்தது. ஒன்று மற்றதில் பாதி விலை. நான் மலிவானதை எடுத்தேன். அக்காவுக்குச் செலவு குறையும் என்று நினைத்தேன், அது பொய்யில்லை. ஆனால் வயரில் என்ன இருக்கப் போகிறது என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

அது செம்பு இல்லை. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு. வியாபாரத்தில் சிசிஏ என்பார்கள். வெளிப்பார்வைக்குச் செம்பு நிறம்தான். அதே தடிப்புள்ள செம்பைவிட அதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். கேட் 6 தரத்தில் அதற்கு இடமே கிடையாது. பெட்டியில் எதையும் அச்சடிக்கலாம்.

விடுதி திறந்து இரண்டாம் வாரம் அக்கா போன் எடுத்தார். "தம்பி, பகலில நல்லாத் தெரியுது. ராத்திரியானா படம் போய்ப் போய் வருது." நான் போய் அடாப்டரை மாற்றினேன். மறுநாளும் அதே கதை. ஒரு கமராவை மாற்றினேன். அப்புறம் ரெக்கோடரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பகலில் போனபடியால் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கடைசியில் ஒரு நாள் மாலை நின்று பார்த்தேன். இருட்டத் தொடங்கியது, கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் "டிக்" என்ற சத்தத்தோடு எரிந்தன, நாற்பது விநாடியில் கமரா செத்து மறுபடி உயிர் பெற்றது. மறுபடியும் "டிக்". மீற்றரை வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தது போல நானும் 12 வோல்ட்டைத்தான் வயருக்குள் அனுப்பியிருந்தேன். பகலில் கமரா முனையில் பத்தரை வோல்ட். விளக்கு எரிந்ததும் எட்டரை. விளக்குகள் கேட்கும் மின்சாரத்தை அந்த வயரால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. கள்வன் வரக்கூடிய நேரத்தில் மட்டும் வேலை செய்யாத கமராவை நான் அக்காவுக்குக் கொடுத்திருந்தேன்.

சரி என்று என் கைக்காசில் நல்ல பிஓஇ சுவிட்ச் (வலையமைப்பு வயரிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பெட்டி) ஒன்றை வாங்கிப் போட்டேன். அது 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் மின்னோட்டம் குறையும், வழியில் வீணாவதும் குறையும். படம் விடாமல் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நம்பினேன்.

அந்த வருட வாடைக்காற்று முடிந்த கையோடு கமராக்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. முதலில் கடல் பக்கத்துக் கமரா. கொனெக்டரைக் கழற்றினேன். உள்ளே கம்பிகளின் முனையில் மா போல வெள்ளைத் தூள். செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியத்தை அது தின்னத் தொடங்கும். முனையை வெட்டிப் புதிதாக அடித்தேன், மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. இன்னொரு தரம் வெட்டும்போது கம்பி விரலில் முறிந்தது. வயர் குழாய்க்குள்கூட இருக்கவில்லை. பூச்சுக்குள் நேரடியாகப் புதைத்திருந்தேன். வெட்ட வெட்டக் குட்டையாகி, கடைசியில் வெட்ட நீளம் இல்லை.

பூச்சை உடைத்தோம். வர்ணம் பூசி ஒரு வருடமான சுவரில் ஆறு இடத்தில் கோடு கோடாக வெட்டி, குழாய் வைத்து, செம்பு வயர் இழுத்து, மறுபடி பூசி, மறுபடி வர்ணம் அடித்தோம். வயருக்கும் என் கூலிக்கும் நான் காசு வாங்கவில்லை. ஆனால் மேசன் கூலி, வர்ணம், நான்கு நாள் மூடிக் கிடந்த அறைகள் எல்லாம் அக்காவின் தலையில்தான் விழுந்தன. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, உடைந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்கு மறக்கவில்லை.

இன்றைக்கும் அதே வயர் அதே பெட்டியில் விற்கிறது. இழுக்கிற பொடியன்களும் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். கமரா பழுதானால் ஏணி வைத்துக் கழற்றி மாற்றலாம், ரெக்கோடரையும் மாற்றலாம். சுவருக்குள் போனதை மாற்றக் கொத்தும் சுத்தியலும் வேண்டும். ஆகவே காசு போதாவிட்டால் கமராவில் ஒன்றைக் குறையுங்கள், வயரில் கைவைக்காதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பெட்டியைத் தூக்குங்கள், செம்பு பாரமாக இருக்கும். ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். லைட்டரில் பிடித்தால் செம்பு கறுத்துப்போய் நிற்கும், அலுமினியம் துவண்டுவிடும். ஏற்கெனவே இழுத்த வயர் என்றால், ஒரு முனையில் ஒரு சோடிக் கம்பியை ஒன்றாக முறுக்கிவிட்டு மறுமுனையில் மீற்றரை வையுங்கள். 60 மீற்றர் நீளத்துக்கு 11 ஓமுக்கு உள்ளே வந்தால் செம்பு. 16, 17 என்று காட்டினால் அலுமினியம்.

எந்த வயரானாலும் குழாய்க்குள் போடுங்கள். சுவிட்சிலிருந்து கமரா வரை 100 மீற்றரைத் தாண்ட வேண்டாம்.

இரண்டு கட்டிடங்களுக்கு இடையில்

செம்பு வயர் வேண்டாம், பைபர் (கண்ணாடி இழை வயர்) இழுங்கள். ஒரு மின்னல் போதும், இரண்டு பக்கச் சாமானும் போய்விடும்.

பிஓஇ என்று எழுதியதெல்லாம் பிஓஇ ஆகாது

பெட்டியில் 802.3ஏஎஃப் அல்லது 802.3ஏடி என்று இருக்கிறதா பாருங்கள். முந்தியது ஒரு போட்டுக்கு (வயர் சொருகும் துளைக்கு) 15.4 வாட், பிந்தியது 30 வாட். இந்த எண் இல்லாத மலிவுப் பெட்டிகள் கேட்டுக்கொள்ளாமலே மின்சாரத்தைத் தள்ளும். அதில் தவறிப்போய் மடிக்கணினியைச் சொருகினால் அதன் போட் எரியலாம். சுவிட்சின் மொத்த வாட்டையும் பாருங்கள். எட்டுப் போட் இருந்தாலும் மொத்தம் 60 வாட் என்றால், எட்டுக்கும் 15 வாட் கிடைக்காது.

கடல் பார்த்த கமரா

கண்ணாடிக் குமிழ் வைத்த டோம் வகை இங்கே வேண்டாம். கடற்காற்றில் குமிழில் உப்புப் படியும். இரவில் அகச்சிவப்பு ஒளி அந்த உப்பில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் பால் ஊற்றியது போலாகும். ஐபி67 என்பது தூசிக்கும் தண்ணீருக்கும் உள்ள காப்பு, உப்பரிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. டச்சுக் குடாவைப் பார்த்த ஒரு வீட்டில் கமரா நல்லாக இருக்க, அதைப் பிடித்திருந்த நான்கு ஆணிகளும் துருவாக உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஆணி போடுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். காய்ந்த துணி போட்டால் உப்பே கண்ணாடியைக் கீறும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்?

"ஒரு டெராபைட் போட்டால் ஒரு மாதம் நிற்கும்" என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். ஒரு கமரா விநாடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 கிகாபைட். எட்டுக் கமராவுக்கு 345. ஒரு டெராபைட் மூன்று நாளைக்கும் காணாது. முப்பது நாள் வேண்டுமென்றால் பத்து டெராபைட்டுக்கு மேல் போகும். படத்தைக் கூடுதலாகச் சுருக்கும் எச்.265 முறையில் பதிந்தால் ஏறத்தாழ பாதியாகக் குறையும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிய வைத்தால் இன்னும் குறையும்.

கடவுச்சொல்

பெட்டியோடு வந்ததை அன்றைக்கே மாற்றுங்கள். 2016 இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கக் கமராக்களையும் ரெக்கோடர்களையும் பிடித்தது, அந்தப் பழைய கடவுச்சொற்களைக் கொண்டுதான்.

ஐபி போனும் வெளிநாட்டு அழைப்பும்

விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் இதைக் கவனமாக வாசியுங்கள். புதிதாகப் பூட்டுபவர்கள் 2001 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு (உள் இணைப்பு இலக்கத்துக்கு) 2001 என்றே கடவுச்சொல் வைப்பார்கள். வெளியில் இருந்தும் பேச வேண்டும் என்று 5060 ஆம் போட்டை, அதாவது ரவுட்டரில் ஐபி போன் அழைப்புக்கான வாசலை, இணையத்துக்குத் திறந்துவிடுவார்கள். அந்தப் போட்டைத் தேடியே இரவு பகலாக இயங்கும் நிரல்கள் இருக்கின்றன. உள்ளே வந்தால், கட்டணம் கூடிய வெளிநாட்டு இலக்கங்களுக்கு விடிய விடிய அழைப்பெடுக்கும். நீங்கள் பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியும், அழைப்பு உங்கள் கணக்கில் போனதால் கட்டவும் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் ஒரு வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு வரை இது நடந்தது. திங்கள் காலை இணைப்பைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. வெளிநாட்டு அழைப்பை முழுதாகப் பூட்டிவிட்டு, தேவைப்படும் ஒரு போனுக்கு மட்டும், தேவைப்படும் நாடுகளுக்கு மட்டும் திறவுங்கள். சேவை தருபவரிடம் மாத உச்ச வரம்பும் கேட்டுப் போடுங்கள்.

போனில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால்

ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற தெரிவை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

குரல் வெட்டி வெட்டி வந்தால்

இணைய வேகத்தைக் கூட்ட ஓடாதீர்கள். ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்கு 90 கிலோபிட் கூட வேண்டாம். அதே இணைப்பில் கமராக்கள் படத்தை வெளியே ஏற்றிக்கொண்டிருந்தால் குரலுக்கு வழி கிடைக்காது. கமராவையும் போனையும் தனித்தனி வலையமைப்பாகப் பிரித்து, ரவுட்டரில் குரலுக்கு முதலிடம் கொடுங்கள்.

பக்கத்து வீட்டு முற்றம்

உங்கள் கமராவில் அது தெரியக் கூடாது. தெரிந்தால் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள், பெரும்பாலான ரெக்கோடர்களில் அதற்கு வசதி உண்டு.

கரண்ட் போனால்

பழைய செம்பு இணைப்பில் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும். பைபருக்கு அது கிடையாது. சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி அணைந்தால் ரவுட்டரும் ஐபி போனும் சேர்ந்தே போய்விடும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது பலருக்கு இது முதல் தரம் தெரிய வந்தது.

கமரா, ரெக்கோடர், சுவிட்ச் எல்லாவற்றையும் சின்ன 650 விஏ யூபிஎஸ் ஒன்றில் தொங்கவிட்டால் அரை மணித்தியாலத்தில் கீழே விழும். பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் டிசி யூபிஎஸ் வையுங்கள். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்தே வாங்குங்கள். வரவேற்பு மேசைப் போனுக்கும் மின்சாரம் அதிலிருந்தே போக வழி செய்யுங்கள்.

இன்னொன்று. எக்ஸ்டென்ஷன் இலக்கங்களை 1 இல் தொடங்காதீர்கள். பொலிஸ் 119, தீயணைப்பு 110, அம்புலன்ஸ் 1990 மூன்றும் 1 இல்தான் தொடங்குகின்றன. 1990 ஆம் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு அறைக்குக் கொடுத்திருந்தால், அம்புலன்ஸுக்கு அடிப்பவர் அந்த அறையைத்தான் எழுப்புவார். வெளி அழைப்புக்கு முன்னால் 9 அழுத்த வேண்டும் என்று வைத்திருந்தாலும், இந்த மூன்றும் 9 இல்லாமலே போக வேண்டும். விதியை எழுதிவிட்டு, வேலை முடிந்த அன்றைக்கே மெயின் சுவிட்சை அணைத்து, போனைத் தூக்கி டயல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அதன் பிறகு கூலியை வாங்குங்கள்.