ஆறு மாதக் குழந்தைக்குப் புதுச் சுவைகளைப் பழக்குவது எப்படி?

என் மகளுக்கு ஐந்தரை மாதம் ஆனபோது, நான் இட்லி பிட்டால் போதும், அவள் கண் என் கையோடு கூடவே வரும். வாயை அசைப்பாள், தட்டை நோக்கிப் பாய்வாள். "இப்பவே கொடு" என்றார் பாட்டி. "ஆறு மாதம் ஆகட்டும்" என்றார் தாதி. முதல் குழந்தை என்பதால் எனக்கு எல்லாமே பயமாக இருந்தது. அப்போது எனக்கு யாராவது இப்படி வரிசையாகச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததைத்தான் இங்கே சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன்.

முதலில், நேரம் வந்துவிட்டதா என்று பாருங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது. ஏறக்குறைய அந்த வயதில், பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச்சத்தின் இருப்பு குறையத் தொடங்கும். பால் மட்டும் அதை ஈடுகட்டாது. தலை நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தொடங்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோயிலில் சோறு ஊட்டும் சடங்கு வைப்பவர்கள், சர்க்கரைப் பொங்கலுக்குப் பதில் குழைந்த வெறும் சோற்றை நாக்கில் ஒரு தொடு தொட்டால் போதும். சேனை வைப்பதும், தேன் தொட்டு வைப்பதும் நம் வழக்கம்தான். ஆனால் ஒரு வயது வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். இந்த ஒன்றில் பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் வாரம்: ஒரு தேக்கரண்டி, ஒரே ஒரு பொருள்

தேக்கா ஈரச்சந்தையில் மஞ்சள் பூசணி ஒரு துண்டு வாங்கினேன். தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, தாய்ப்பால் கொஞ்சம் விட்டு நெகிழ்த்தினேன். உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஒரு வயது வரை இரண்டுமே வேண்டாம். முதல் நாள் அவள் விழுங்கியது அரைத் தேக்கரண்டிகூட இருக்காது. அது போதும். இப்போதைக்குப் பால்தான் சாப்பாடு, இது வெறும் அறிமுகம்.

காலையில் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலிலேயே தெரிந்துவிடும். ஒரு பொருளை இரண்டு மூன்று நாள் கொடுத்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். பூசணி, சர்க்கரைவள்ளி, கேரட் என்று எல்லாமே இனிப்பாகப் போய்விடாமல், இடையில் பீர்க்கங்காய், புரொக்கோலி, கீரை என்று இனிப்பில்லாதவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகம் சுளித்தால்

பெரும்பாலான பெற்றோர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சந்தையில் 'பாயம்' என்று விற்கிற முளைக்கீரையை மசித்து முதல் கரண்டி வைத்தேன். மகள் கண்ணை இறுக மூடினாள், தோள் இரண்டும் சிலிர்த்தன, பச்சையெல்லாம் தாடை வழியே இறங்கியது. "பிள்ளைக்குப் பிடிக்கலை, விட்டுடு" என்றார் பாட்டி. ஆனால் அந்த முகம் "வேண்டாம்" என்று சொல்வதில்லை, "இது என்ன?" என்றுதான் கேட்கிறது. அதுவரை பாலின் இனிப்பை மட்டுமே அறிந்த நாக்கு அது. ஒரு புதுச் சுவையை ஏற்றுக்கொள்ளக் குழந்தைக்கு எட்டுப் பத்து முறை, சில சமயம் அதற்கு மேலும், ருசிக்கக் கிடைக்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் ஒரு தாளை ஒட்டி, கீரை கொடுத்த நாளெல்லாம் ஒரு கோடு போட்டேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை, இரண்டே கரண்டி. வாயைத் திருப்பிக்கொண்டால் அதோடு சரி. கெஞ்சவில்லை, திணிக்கவில்லை, கைப்பேசியைக் காட்டவும் இல்லை. ஒன்பதாவது கோட்டன்று, நான் கரண்டியைத் தூக்குவதற்குள் வாய் திறந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரும்புச்சத்தை மறக்காதீர்கள்

காய், பழத்தோடு நின்றுவிடக் கூடாது. பருப்பு, ராகி, கோழி, மீன் எல்லாம் சீக்கிரமே வர வேண்டும். ராகியை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் கூழாகக் காய்ச்சலாம். பருப்பு, ராகியில் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேர வைட்டமின் சி துணை வேண்டும். அதனால் பருப்போடு தக்காளி சேருங்கள், அல்லது கூழுக்குப் பிறகு நாலு கரண்டி பப்பாளி கொடுங்கள்.

மீனில், இங்குள்ள சீனப் பாட்டிகள் பேரப்பிள்ளையின் கஞ்சிக்குத் தேடி வாங்குவது குராவ் மீன். மென்மையான சதை. இருந்தாலும் விரலால் நசுக்கிப் பார்த்து முள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற சுறாப் புட்டில் குழந்தைக்குப் பங்கு வேண்டாம், சுறாவில் பாதரசம் அதிகம்.

முட்டை, வேர்க்கடலை

இவற்றைத் தள்ளிப்போடுவதுதான் பாதுகாப்பு என்று முன்பு நினைத்தார்கள். லண்டனில் நடந்து 2015-இல் வெளியான லீப் ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமுள்ள 640 குழந்தைகளில், சிறு வயதிலேயே வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்குக் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைவாக இருந்தது.

முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். கோப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டை குழந்தைக்கு ஆகாது. வேர்க்கடலை வெண்ணெயில் சர்க்கரை, உப்பு இல்லாததாகப் பார்த்து, கால் தேக்கரண்டியை வெந்நீரில் கரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள். முழுக் கடலை கூடவே கூடாது. வீட்டில் இருவராவது இருக்கிற நாளாகப் பாருங்கள், இரண்டு மணி நேரம் கவனியுங்கள். தடிப்பு, தொடர் வாந்தி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆம்புலன்சுக்கு 995. கடுமையான எக்ஸிமா (அரிப்போடு தோல் சிவந்து வறண்டுபோவது) உள்ள குழந்தை என்றால் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அப்புறம், வீட்டுச் சாப்பாட்டை நோக்கி

ஏழெட்டு மாதத்தில் மிக்ஸியை ஒதுக்குங்கள். மசித்தது, பிறகு சிறு துணுக்கு, ஒன்பது மாதத்தில் கையால் எடுத்துத் தின்னும்படி மென்மையான துண்டு. சாம்பார் வைக்கும்போது புளி, மிளகாய், உப்பு சேர்க்கும் முன்பே வெந்த பருப்பையும் காயையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் சீரகம், கறிவேப்பிலை வாசனை எல்லாம் தாராளமாகப் போகலாம். நம் சமையலின் மணம் இப்படித்தான் பழக வேண்டும்.

குமட்டினால் பதற வேண்டாம். சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே சரியாகும். சத்தமே வராமல் மூச்சுத் திணறினால்தான் ஆபத்து. உணவங்காடிக்குப் போகும்போது மீன் உருண்டையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உருண்டையாக, வழுக்கலாக இருப்பதால் தொண்டையை அடைத்துவிடும், உப்பும் அதிகம். முழுத் திராட்சையும் அப்படித்தான், நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

வேலைக்குத் திரும்புகிற அம்மாக்கள் ஞாயிறன்று காய்களை மசித்து ஐஸ் தட்டில் உறையவைக்கலாம். ஒரு கட்டி ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். நம் ஊர் வெக்கைக்கு, சூடாக்கிக் கொடுத்து மிஞ்சியதை மறுபடி வைக்காதீர்கள். சிசுப் பராமரிப்பு நிலையத்தில் விடுவதாக இருந்தால், எந்தெந்த உணவு வீட்டில் கொடுத்தாயிற்று, எது இன்னும் இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். புது உணவின் முதல் கரண்டி எப்போதும் வீட்டிலேயே இருக்கட்டும்.